அழகும் பட்டினியும்

திருகோணமலைப் புறாத்தீவை அடுத்த முருகைக்கற்பாறைகளிலே நீந்தும் வண்ணத்துப்பூச்சி மீன்களைக் கண்டவர்கள், அவற்றை வீட்டுக் கண்ணாடித் தொட்டியிலும் வளர்க்க விரும்புவது இயல்பே. ஆயினும் நேயர்களே, அவற்றின் அழகைக் காணுமுன் அவற்றின் உணவைப் பற்றிச் சற்றே சிந்தியுங்கள்.

இக்குடும்பத்தில் ஏறக்குறைய 130 இனங்கள் உள. அவற்றுட் சில, உயிருள்ள முருகைகளின் சிற்றுயிர்களை மட்டுமே உண்பவை. மஞ்சள் உடலின் நெடுகிலும் நீலநிற மென்கோடுகள் ஓடும் நீள்வட்ட மீன் இத்தகையது. இறாலோ புழுவோ எதனை இட்டாலும் அது வாய் வைப்பது அரிது. நாளடைவில் நம் கண்முன்னேயே மெலிந்து மடியும். வெண்ணிற உடலிற் சாய்கோடுகளும், முதுகுச் செட்டையில் நூல்போன்ற இழையும் உடைய இனமோ பலவகை உணவையும் ஏற்கும். பழகியபின் நறுக்கிய இறாலையும் உண்ணும்.

தொட்டி நீருக்குச் சமையலுப்பு ஆகாது. கடலுப்புக் கலவையை லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கரைத்தல் வேண்டும். மீனின் கழிவிலிருந்து தோன்றும் அமோனியா நஞ்சாகும். அதனை மாற்றும் பற்றீரியாக்கள் வடிகட்டியிலே பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் செல்லும். அதுவரை பொறுத்திருங்கள்.

மீனை வாங்குமுன், அது உண்பதைக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். உண்ணாத மீனை வாங்காது திரும்புங்கள். வாங்குவோர் குறைந்தால் அதனைப் பிடிப்போரும் குறைவர். வீட்டிற்கு அழைத்த விருந்தைப் பட்டினி போடுதல் நம்மவர் வழக்கமன்றே!