தேயிலை மலையின் ஓட்டக்காரர்

சென்ற திங்கள் பள்ளிவாசலில் வாழும் நம் தங்கை வீட்டிற்குச் சென்றிருந்தோம். ரயில்வே குமாஸ்தாவுக்கு அப்பயணம் சற்று வருத்தந் தருவது. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் மூணாற்றின் சிறு ரயிலை அழித்த பின் அம்மலைக்கு இருப்புப்பாதை வரவேயில்லை.

அங்கே ஒரு வழக்கு நமக்காகக் காத்திருந்தது. தங்கையின் மகள் எட்டாம் வகுப்பில் படிப்பவள். 800 மீட்டர் ஓட்டத்தில் பள்ளியில் முதலாவதாக வந்தவள். மாலைப் பயிற்சிக்கு நின்றால் லயத்திற்குத் திரும்ப இருட்டிவிடும். வழியிலோ யானை நடமாட்டம்.

"கொழுந்து மூட்டையோட நான் ஏறி இறங்குறதும் ஓட்டந்தானே அண்ணே? எனக்கு யாரு பதக்கம் குடுத்தா?" என்றாள் தங்கை. நமக்கு உடனே விடை வரவில்லை.

இரவு உணவிற்குப் பின் கென்யாவின் கதையைச் சொன்னோம். அந்நாட்டிலும் கெரிச்சோ என்றொரு மேட்டு நிலம் உண்டு. ஏறத்தாழ 2000 மீட்டர் உயரம், எங்கும் தேயிலை. அப்பகுதியில் பிறந்தவர் வில்சன் கிப்ருகுட். கென்யா விடுதலை பெற்றது 1963 டிசம்பரில். ஓராண்டு நிறையுமுன், 1964 அக்டோபரில், டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே 800 மீட்டரை 1 நிமிடம் 45.9 விநாடியில் ஓடி அவர் வெண்கலம் பெற்றார். கென்யா கண்ட முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. தங்கம் வென்ற நியூஸிலாந்தின் பீட்டர் ஸ்னெல்லுக்கும் அவருக்கும் இடையே ஒரு விநாடிகூட இல்லை.

1968-இல் மெக்ஸிகோவில் அவரே வெள்ளி வென்றார். கிப்சோகே கெய்னோ, நஃப்தாலி தெமு, அமோஸ் பிவோட் மூவரும் தங்கம் கொணர்ந்தனர். அந்நகரின் உயரம் 2240 மீட்டர். சமவெளியினரைத் திணறடித்த காற்று மலைமக்களுக்குப் பழகிய காற்று. ஆயினும் காற்று மட்டுமா ஓடியது? பயிற்சியும் அதற்குத் துணைநின்றோரும் வேண்டும் அல்லவா?

"ஆப்பிரிக்காக்காரங்க உடம்பே வேற, மாமா" என்றாள் சிறுமி.

இடுக்கி மாவட்டத்து முல்லக்கானத்தைச் சேர்ந்த பிரீஜா ஸ்ரீதரன், 2010-இல் குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் பெற்றதைச் சொன்னோம். அன்று அவருக்குப் பின்னே மூன்றாவதாக வந்தவர் எத்தியோப்பியாவில் பிறந்து பஹ்ரைனுக்காக ஓடியவர். சிறுமி அதை இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"அதெல்லாம் சரிண்ணே, யானைக்கு என்ன சொல்றீங்க?" என்றாள் தங்கை. நியாயமான கேள்வி. கென்யாவின் கதையில் அதற்கு விடை இல்லை.

அதுவரை வாய் திறவாதிருந்த மைத்துனர், வாரத்தில் மூன்று நாள் ஆலை வேலை முடிந்ததும் டார்ச் விளக்குடன் சாலை முக்கில் தாம் நிற்பதாகச் சொன்னார். உபஜில்லாப் பந்தயம் வரையில் என்று தங்கை தவணை வைத்தாள்.

காலையில் ரப்பர்ச் செருப்புடன் பேருந்தைப் பிடிக்கச் சரிவில் ஓடப் புறப்பட்டவளை நிறுத்தி, அவள் பாதத்தின் அளவை ஒரு தாளில் வரைந்து வாங்கிக்கொண்டோம்.