பெயர் இழந்த பூக்கள்

ஏனாத்தூரில் நெசவாளர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் சென்ற கிழமை அமர்ந்திருந்தோம். அன்றுதான் தறியினின்று அறுத்தெடுத்த பட்டுப் புடவையொன்றை அம் முதியவர் எம்முன் விரித்துக் காட்டினார். கரையில் தாழம்பூ; உடலெங்கும் மல்லிகை மொட்டு; முந்தியில் மாங்காய் அணியணியாக நின்றது. ஒரு தோட்டமே அத் திண்ணையில் விரிந்தது போலிருந்தது. புடவையோடு கடைக்குச் செல்லவிருந்த துண்டுத்தாளை எடுத்துப் பார்த்தோம். அதில் மாங்காய் இல்லை. 'பெயிசிலி' என்று எழுதியிருந்தது.

"ஐயா, இஃது என்ன பெயர்?" என்று வினவினோம்.

"மாங்காய்தாங்க ஐயா. எங்க அப்பா காலத்திலிருந்தே மாங்காய்தான். கடைக்காரர் அப்படி எழுதச் சொல்றார். அப்பதான் வாங்க வர்றவங்களுக்குப் புரியுதாம்."

அவர் குரலில் சினம் இல்லை. எமக்குத்தான் நெஞ்சு சுட்டது.

பெயிசிலி என்பது யாது? இசுக்காத்துலாந்தில் உள்ள ஓர் ஊர். காசுமீரத்துச் சால்வைகளுக்கு ஐரோப்பாவில் பெருவிலை கிடைத்த 19 ஆம் நூற்றாண்டில், அச் சால்வைகளைப் பார்த்துப் போலி நெய்து விற்ற ஊர் அது. வளைந்த நுனியுடைய அவ் வடிவத்திற்குத் தன் பெயரையே சூட்டிக்கொண்டது. பாரசீகத்தார் அதே வடிவத்தைப் 'பூத்தா' என்பர். புதர், செடி என்பது அதன் பொருள். காற்றில் தலைசாய்ந்த சைப்பிரசு மரம் என்று அதற்கு விளக்கம் சொல்வாரும் உளர். நம் தறிகளில் வழங்கும் 'புட்டா' என்ற சொல்லும் அவ் வழியே வந்ததுதான். எனவே வடிவம் எங்கே பிறந்தது என்று யாம் வழக்காட வரவில்லை. அது வெளியிலிருந்தே வந்திருக்கலாம். ஆனால் காஞ்சி நெசவாளன் அதைக் கண்டபோது சைப்பிரசைக் காணவில்லை. தன் வீட்டுக் கொல்லையில் தொங்கிய மாங்காயைக் கண்டான். மாமரத்தடியில் இறைவன் வீற்றிருக்கும் ஏகம்பத்தை நாள்தோறும் காணும் ஊர்க்காரனுக்கு வேறெது தோன்றும்? அவன் இட்ட பெயரால் அயல் வடிவம் தமிழ் வடிவமாயிற்று. இன்று அப் பெயரைப் பறித்தால் எஞ்சுவது யாது? வளைந்த ஒரு கோடு.

இதில் ஒரு நகைப்பும் உண்டு. நம் மாங்காய் என்ற சொல்லும் சேரநாட்டார் மாங்ஙா என்ற சொல்லுமே போர்த்துகீசியர் வாயில் 'மங்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆகி, உலகெல்லாம் பரவின. பழத்தின் பெயரை உலகுக்குக் கொடுத்தோம். அதன் உருவத்தின் பெயரையோ, மாமரமே வளராத குளிர்நாட்டு ஊரொன்றினிடம் இரந்து வாங்குகிறோம்!

ஒரு பெயர்தானே, போகட்டும் என்பார்க்கு ஒன்று சொல்வோம். பிற நாட்டாரும் பூவுக்குப் பொருள் கற்பித்தனர். சாமந்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அவ் வினத்துப் பூ சப்பானில் பேரரசரின் முத்திரை. பிரான்சில் கல்லறைப் பூ, விருந்துக்குச் செல்வோர் அதைக் கையில் கொண்டு செல்லார். நமக்கோ மங்கலப் பூ. 1819 இல் பாரிசில் 'பூக்களின் மொழி' என்றொரு நூல் வெளிவந்தது. எப் பூவைக் கொடுத்தால் எக் கருத்து என்று அகரமுதலி போலச் சொல்லும் நூல். அதன் வழிவந்த வழக்கத்தால்தான் மாசித் திங்களில் நம் இளைஞர் முளரி வாங்கக் கடைகடையாக அலைகின்றனர். (ரோசாவை முளரி என்கிறோம். அது தாமரைக்கு வழங்கிய பெயராயிற்றே என்று அன்பர் சிலர் எம்மைக் கடிவதுண்டு. அவ் வழக்கைப் பிறிதொரு திங்கள் வைத்துக்கொள்வோம்.) அந் நூற்பொருள் வரவேற்பறையில் இருந்து எழுதியது. தமிழன் கண்ட பொருள் நிலத்திலிருந்து எழுந்தது. மலையில் குறிஞ்சி பூத்தது. அம் மலையும் அதன் ஒழுக்கமும் குறிஞ்சியாயின. கார்காலக் காட்டில் முல்லை மலர்ந்தது. கார்வரும்வரை காத்திருந்தவளின் இருப்பு முல்லையாயிற்று. பூவின் பெயரே நிலத்தின் பெயர். அதுவே ஒழுக்கத்தின் பெயர். அதுவே பாட்டிலக்கணத்தின் பெயர். இத்தகைய அமைப்பை வேறு எம் மொழியின் இலக்கணத்திலும் யாம் கண்டதில்லை.

அகத்திணைப் பூக்களைப் பற்றிப் பேச ஆட்கள் உளர். புறத்திணைப் பூக்களைத்தான் மறந்தோம். வெட்சி சூடியவன் ஆநிரை கவரப் போகிறான்; வஞ்சி சூடியவன் மண் கொள்ளப் போகிறான்; உழிஞை சூடியவன் மதிலை வளைக்கிறான்; தும்பை சூடிய இருவர் நேர்நின்று பொருகின்றனர்; வென்றவன் வாகை சூடுகிறான். ஒரு மறவனின் தலையைப் பார்த்தாலே அவன் எப் பணிக்குப் புறப்பட்டான் என்று ஊர் அறிந்துகொள்ளும். இப் பூக்கள் யாவும் எங்கே போயின? எங்கும் போகவில்லை. வெட்சியை இட்டிலிப்பூ என்று சொல்லிப் பூங்காவில் நட்டு வைத்திருக்கிறோம். உழிஞையை முடக்கொற்றான் என்பர்; அதை அரைத்துத் தோசை வார்க்கிறோம். தும்பை ஏனாத்தூர்ச் சாலையோரத்தில் கால்பட்டுக் கிடக்கிறது. வாகையின் நிலைதான் இரங்கத்தக்கது. தேர்தல் முடிந்த மறுநாள் எல்லா நாளிதழும் 'வாகை சூடினார்' என்று தலைப்பிடும். சூடியவரோ கழுத்தொடியும் முளரி மாலையில் நிற்பார். எழுதியவர் வாகை மரத்தைக் கண்டிருப்பாரா என்பது ஐயமே. கண்டிருந்தால், அதன் காய்ந்த நெற்றுகள் காற்றில் கலகலப்பதையும், அவ் வொலியைக் கயிற்றின்மேல் ஆடும் கூத்தரின் பறையொலியோடு ஒப்பிட்ட குறுந்தொகைப் புலவரையும் நினைத்திருப்பார்.

மதில் காப்போன் சூடிய பூ நொச்சி. இன்றும் நம் சிற்றூர்களில் வேலியாய் நிற்பது அதுதான். காத்த செடி இன்னும் காவலை விடவில்லை. நீர்க்கோவை கண்டால் அதன் தழையைப் போட்டு ஆவி பிடிக்கிறோம். புறநானூற்றில் வெறிபாடிய காமக்காணியார் இந் நொச்சியைப் பாடியுள்ளார். முன்பு இளமகளிர் இடையில் தழையுடையாகக் கண்ட அதே நொச்சி, இன்று மதிற்போரில் பட்ட மறவனின் குருதி தோய்ந்து உருமாறிக் கிடக்கிறது. அதை ஊன் என்று மயங்கிப் பருந்து கொத்திக்கொண்டு பறக்கிறது. அவ்வளவே பாட்டு. ஒரே தழை, விளையாட்டும் இறப்பும் அதிலேயே உள்ளன. இதற்கு மேல் ஒரு செடி எதைச் சுமக்க முடியும்? இப் பாட்டை எத்தனை முறை வகுப்பில் நடத்தியிருப்போம்! ஆயினும் நொச்சித் தழையொன்றைக் கையில் கொண்டு சென்று காட்ட வேண்டும் என்ற எண்ணம் எமக்கே பல்லாண்டுகள் தோன்றவில்லை. இக் குறையை மறைப்பானேன்?

இனி நம் ஊருக்கு வருவோம். நாம் வாழும் நாடு தொண்டை நாடு. தொண்டை என்பது கொடியின் பெயர். கோவை என்பாரும் ஆதொண்டை என்பாரும் உளர். அக் கொடியை அடையாளமாகக் கொண்ட குடியில் வந்த தொண்டைமான் இளந்திரையனையே கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாடினார். பின்னர்க் காஞ்சியை ஆண்டோர் பெயர் பல்லவர். பல்லவம் என்ற வடசொல்லுக்குத் தளிர் என்பது பொருள். தொண்டையர் என்பதன் மொழிபெயர்ப்பே அது என்று கருதும் வரலாற்றாசிரியர் உளர். அவ்வாறாயின், பெயர் பறிபோகும் கதை இவ் வூரில் நேற்றுத் தொடங்கியதன்று.

காஞ்சியும் மரப்பெயரே. நீர்த்துறைகளில் வளர்வது, ஆற்றுப்பூவரசு என்று அகராதிகள் சொல்லும். அம் மரம் மிக்கிருந்தமையால் ஊர் அப் பெயர் பெற்றது என்பது ஒரு கருத்து. தொல்காப்பியர் காஞ்சித்திணையை நிலையாமைக்கு உரியதாக்கினார். வெண்பாமாலை அதையே எதிர்த்துக் காத்து நிற்கும் போருக்கு உரியதாக்கிற்று. யாம் தொல்காப்பியர் பக்கமே நிற்போம். கரணியம் மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்தில் பகைவரையெல்லாம் வென்று நின்ற பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சென்று, அவன் வெற்றியையும் செல்வத்தையும் 782 அடிகளில் விரித்துரைத்து, அதனூடே 'உனக்கு முன் ஆண்டு மாய்ந்தோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்' என்ற கருத்தை அவன் செவியில் இட்டவர் மாங்குடி மருதனார்.

இதனோடு சப்பானியரின் செர்ரிப் பூவை ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களும் நிலையாமையைப் பூவில் கண்டவர்களே. மலர்ந்த சில நாளில் உதிரும் அப் பூவைக் காண ஆண்டுதோறும் மரத்தடியில் திரள்வர். அழகிய வழக்கம். ஆனால் இரண்டாம் உலகப் போரின் இறுதியில் அந் நாட்டு ஆட்சி அப் பொருளைத் தன் கைக்கருவியாக்கிற்று. பூ உதிர்வது போல் நீயும் உதிர்வாய் என்று இளைஞரை அனுப்பிற்று. ஆளோடு சென்று வெடிக்கும் வானூர்திக் குண்டொன்றுக்குச் செர்ரிப்பூ என்றே பெயரிட்டு 1945 இல் ஏவிற்று. அங்கே நிலையாமை இளைஞனிடம் சொல்லப்பட்டது, சாவதற்காக. இங்கே அரசனிடம் சொல்லப்பட்டது, அவன் போர்வெறி தணிய. ஒரே பொருள்தான், யாரிடம் சொல்கிறோம் என்பதிலன்றோ வேறுபாடு!

இன்னொன்றும் கருதத்தக்கது. இங்கிலாந்தில் 1455 முதல் 1487 வரை இரு அரசக் குடிகள் பொருதன. வெள்ளை முளரி ஒன்றுக்கு அடையாளம், செம்முளரி மற்றொன்றுக்கு. பிற்காலத்தார் அதனை முளரிப் போர் என்றனர். நம் கோவூர்கிழார் கண்ட போரில் இரு பக்கமும் ஒரே பூ. உறையூருக்குள் நெடுங்கிள்ளி, வெளியே நலங்கிள்ளி. இருவரும் சோழர். சேரனின் பனந்தோடும் அன்று, பாண்டியனின் வேம்பும் அன்று, இருவர் மாலையும் ஆத்தியாயிருக்க, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே அன்றோ என்று இடைநின்று தடுத்தார் அவர். பூவை அறியாதவன் இப் பாட்டை எங்ஙனம் அறிவான்?

தாழம்பூவின் கதை வேறு. பொய்ச்சான்று சொன்னதால் சிவன் சினந்து விலக்கிய பூ என்று புராணம் அதன்மேல் பழி ஏற்றிற்று. கழக இலக்கியத்தில் அது கடற்கரையின் மணம். பழி எதுவும் இல்லை. உத்தரகோசமங்கையில் இன்றும் சிவனுக்குத் தாழம்பூச் சாத்துகின்றனர். காஞ்சித் தறியோ அதை மணப்பெண்ணின் புடவைக் கரையிலேயே நிறுத்திற்று. யார் விலக்கினால் என்ன?

இவையெல்லாம் பழம்பெருமை என்று எள்ளுவோர் காந்தளைப் பார்க்கட்டும். 99 பூக்களை அடுக்கிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் முதலில் வைத்தது செங்காந்தளே. ஆரிய அரசன் ஒருவனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது அப் பாட்டு. அதே பூ இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஆப்பிரிக்காவில் சிம்பாபுவேக்கும் நாட்டுப் பூ. அதன் விதையிலிருந்து மூட்டுவலிக்கு மருந்து எடுக்கின்றனர். நம் உழவர் அதனைப் பயிரிட்டு வெளிநாட்டுக்கு விற்கின்றனர். நம் நிலத்தில் விளைந்தும் நம் பிள்ளைகளுள் பலர் அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கின்றனர்.

அண்மையில் ஒன்பதாம் வகுப்பில் புறத்திணைப் பூக்களுள் எதையேனும் கொண்டு வருமாறு சொன்னோம். மறுநாள் ஒருவன் மட்டும் தும்பையைக் கொண்டு வந்தான், தறிக்காரர் மகன். "இதுதான் தும்பைன்னு தெரியாதுங்க ஐயா. பாட்டிதான் சொன்னாங்க" என்றான். பாட்டிக்குப் பின் யார் சொல்வார்?

ஆதலின் தமிழாசிரியர்களுக்கும் கூட்டுறவு நெசவாளர் சங்கத்தாருக்கும் ஒன்று வேண்டுகிறோம். விலைத்தாளில் மாங்காயை மாங்காய் என்றே எழுதுங்கள். அயலார்க்கு விளங்க வேண்டுமாயின் அயற்பெயர் அடியில் சிறிதாக நிற்கட்டும். முதிய நெசவாளர் வாயில் உள்ள அணிப்பெயர்களை அவர் இருக்கும்போதே கேட்டு ஏட்டில் பதியுங்கள். பள்ளி வளாகத்தில் இடமிருந்தால் வாகையும் ஆத்தியும், இடமில்லையேல் வேலியோரம் நொச்சியும் தும்பையும் நட்டு, ஒவ்வொன்றன் அருகிலும் பெயர் எழுதி வையுங்கள். எம் பள்ளி வேலியில் நொச்சி நன்றாகத் தழைத்திருக்கிறது. ஐப்பசி மழை தொடங்குமுன் போத்து வெட்டித் தர அணியமாயிருக்கிறோம். வேண்டுவோர் ஈரச் சாக்கு ஒன்று கொண்டு வரவும்.