இயங்குதளம் எதுவரை?

1998-ல் அமெரிக்க அரசும் பல மாகாணங்களும் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கில் இந்தக் கேள்வி நீதிமன்றப் படியேறியது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவி, விண்டோஸ் 98-லிருந்து பிரிக்க முடியாத பகுதி என்றது மைக்ரோசாஃப்ட். அரசுத் தரப்பு சாட்சியான பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன், அந்த உலாவியை அகற்றும் நிரலோடு வந்தார். அப்படிச் செய்தால் விண்டோஸ் கெட்டுவிடும் என்று நிறுவனம் வாதாடியது. உலாவி வேறு, இயங்குதளம் வேறு என்றே 1999-ல் நீதிபதி ஜாக்சன் முடிவு செய்தார்.

அந்த வரையறையை இன்று இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

பிராசஸரின் நேரத்தை நிரல்களுக்குப் பங்கிடுவது, ஒரு நிரலின் நினைவகத்தில் இன்னொன்று கைவைக்காமல் காப்பது, வட்டையும் திரையையும் நெட்வொர்க்கையும் எல்லா நிரல்களுக்கும் பொதுவாக்குவது ஆகியவையே இயங்குதளத்தின் வேலைகள். அதற்காக, இவற்றைச் செய்யும் மையப் பகுதியான கெர்னல் மட்டுமே இயங்குதளம் என்றும் சுருக்கிவிட முடியாது. உபுண்டுவிலும் ஆண்ட்ராய்டிலும் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். ஆனாலும் ஆண்ட்ராய்டு செயலி உபுண்டுவில் அப்படியே ஓடாது. செயலிகள் நம்பியிருக்கும் பொது நிரல்தொகுப்புகளான லைப்ரரிகளும் அடிப்படைச் சேவைகளும் சேர்ந்தால்தான் இயங்குதளம் முழுமையாகும். உலாவி, வரைபடம், வீடியோ செயலி, செயலிக்கடை போன்றவை அதன்மேல் ஓடுபவை. இன்னொரு நிறுவனம் தனியாகச் செய்து தரக்கூடிய எதுவும் இயங்குதளம் ஆகாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் ஏறக்குறைய இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. சாதனம் இயங்க இன்றியமையாததும், பிறரால் தனியாகத் தர முடியாததுமான செயலிகளைத் தவிர மற்றவற்றைப் பயனர் எளிதாக நீக்க முடிய வேண்டும் என்கிறது அது. அதன்பின் ஆப்பிள், ஐரோப்பியப் பயனர்கள் சஃபாரியையும் ஆப் ஸ்டோரையும்கூட நீக்க வழி செய்தது. அவை இல்லாமலும் ஐபோன் ஓடுகிறது.

இந்தியாவில் கதை வேறு. 2022-ல் ஆண்ட்ராய்டு வழக்கில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்த இந்தியப் போட்டி ஆணையம், முன்கூட்டியே நிறுவப்பட்ட கூகுள் செயலிகளைப் பயனர் நீக்குவதைத் தடுக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. 2023-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தாலும், அந்த ஆணையை ரத்து செய்தது.

எல்லாம் ஒன்றாக வந்தால் பயனருக்கு வசதி, பாதுகாப்பு என்று நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. புதிய போனை எடுத்தவுடன் உலாவி இருப்பது நல்லதுதான். ஆனால் கூடவே தருவது வேறு, நீக்க விடாமல் பிடித்துவைப்பது வேறு. தொழிற்போட்டியைத் தடுக்கும் முடிவுக்குத் தொழில்நுட்பக் காரணம் கற்பிக்கவே ‘இயங்குதளத்தின் பகுதி’ என்ற சொற்றொடர் பயன்பட்டுவருகிறது.

டிஜிட்டல் போட்டிக்கான சட்ட வரைவை மத்திய அரசு 2024-ல் வெளியிட்டது. அந்தச் சட்டம் எந்த வடிவில் வந்தாலும், இயங்குதளம் எது என்பதை அதிலேயே எழுதிவைக்க வேண்டும். ஒரு செயலியை நீக்கினால் சாதனம் இயங்காது என்று சொல்லும் நிறுவனமே அதை நிரூபிக்கவும் வேண்டும்.