ரெண்டு வாளி போதும், ஹோஸைச் சுருட்டி வைங்க

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குக் காய் கொண்டு போகிறவன் நான். (1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த உழவர் சந்தை இதுதான். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.) ஒன்பது மணிவாக்கில் காய் தீர்ந்து கிளம்பும்போது பார்த்தால், சுற்றுவட்டாரத் தெருவெல்லாம் மழை பெய்த மாதிரி நனைந்து கிடக்கும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. வீட்டுக்கு ஒரு கார், காருக்கு ஒரு ஹோஸ், ஹோஸைப் பிடித்தபடி லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு அண்ணன். வாரா வாரம் இதே காட்சிதான்.

முதலிலேயே சொல்லிடறேன், காரை வீட்டில் வைத்துத் தானே துடைக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். மாட்டை நாமே குளிப்பாட்டினால்தான் எங்கே புண் இருக்கு, எங்கே உண்ணி ஏறியிருக்குன்னு தெரியும். காரும் அப்படித்தான். எனக்கு ஆகாதது அந்த ஹோஸ் மட்டும்தான். அடுத்தது, வருஷத்துக்கு ரெண்டு தரம் மெஷின் பாலிஷ் போட்டே ஆகணும்ங்கிற ஆசை. முன்னது தண்ணியைத் தின்கிறது. பின்னது காரையே தின்கிறது.

எங்க வீட்டுத் தொட்டிக் குழாயில் ஹோஸைச் செருகி, கீழே 10 லிட்டர் வாளியை வைத்துப் பார்த்தேன். நாற்பது விநாடியில் நிரம்பிடுச்சு. அப்படின்னா நிமிடத்துக்கு 15 லிட்டர். நடுவில் போன் வந்தாலும் ஹோஸைக் கீழே போட்டுவிட்டுப் பேசுவதுதான் நம்ம வழக்கம். அரை மணி நேரம் ஓடினால் 450 லிட்டர். எங்க கறவை மாடு சித்திரை வெயிலில் நாளைக்கு அஞ்சாறு வாளி குடிக்கும். அந்த 450 லிட்டர் அதற்கு ஒரு வாரம் தாங்கும்.

"நீங்க நெல்லுக்கு விடுறது மட்டும் தண்ணி இல்லையா?" என்று உங்களில் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஒரு கிலோ நெல்லுக்கு ஆயிரக்கணக்கான லிட்டர் போகிறது, மறுக்கவில்லை. நாளைக்கே எல்லாரும் கார் கழுவுவதை நிறுத்தினால் வைகையில் வெள்ளம் வந்துவிடும் என்று சொல்லவும் வரவில்லை. ஆனால் வயலில் விட்ட தண்ணியில் கொஞ்சம் கிணத்துக்கு இறங்கும், கொஞ்சம் அடுத்த வயலுக்கு வடியும். வாசலில் விட்டது ஷாம்பூ நுரையோடு சாக்கடைக்குப் போகும்.

அதைவிட, எந்த மாசத்தில் செலவழிக்கிறோம் என்று ஒன்று இருக்கு. சித்திரை, வைகாசியில் வைகை மணலாகக் கிடக்கும். அழகர் ஆத்துல இறங்கறதுக்கே அணையிலிருந்து தண்ணி திறந்துவிட வேண்டியிருக்கு. பெரியாறு பாசனத்தில் கள்ளந்திரி வரைக்கும் உள்ள இருபோக நிலம் 45,041 ஏக்கர். ஜூன் மாசம் அதற்குத் திறப்பார்களா மாட்டார்களா என்று தினமும் பேப்பரில் அணை மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கள்ளந்திரிக்குக் கீழே மேலூர்ப் பக்கம் இருக்கிற எங்களுக்கு ஒரு போகம்தான், அதுவும் புரட்டாசி வாக்கில் திறந்தால் உண்டு. எவ்வளவு கெட்ட வருஷமாக இருந்தாலும் குடிநீருக்கு ஒதுக்கியது போகத்தான் பாசனத்துக்கு. குடிக்கிறவனுக்கு முதலில் கொடுப்பதுதான் முறை, எங்களுக்கு அதில் சண்டை இல்லை. குடிக்க என்று ஒதுக்கியது பம்பரில் வழிவதைப் பார்க்கும்போதுதான் வயித்தெரிச்சல்.

2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது, வசூலும் செய்தது. அதே வருஷம் மே மாசக் கடைசியில் டெல்லியில் ஹோஸ் போட்டுக் கழுவினால் 2,000. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்ததைச் சென்னைக்காரர்கள் மறந்திருக்க மாட்டீங்க. ஆனாலும் அபராதத்தில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. பகலில் பிடித்தால் ராத்திரியில் கழுவுவான். ஹோஸ் காருக்கே நல்லதில்லை என்று தெரிந்தால்தான் கையிலிருந்து இறக்குவான். அதனால் இனி காரைப் பற்றியே பேசறேன்.

நம்ம பக்கத்துப் புழுதி சாதாரணப் புழுதி இல்லை. மேலூர்ப் பக்கம் செம்மண், திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கம் கரிசல். இது போதாதென்று எம்-சாண்ட் லாரி தார்ப்பாய் போடாமல் போகும்போது கல்தூள் வேறு. கிரானைட் தூளில் குவார்ட்ஸ் இருக்கு, மணலிலும் அதேதான். அது கண்ணாடியையே கீறும். இந்தத் தூளை உட்கார வைத்துக்கொண்டு, காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் காய்ந்த துணியால் நாலு இழுப்பு இழுக்கிறோமே, அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான். வெயிலில் நிறுத்திப் பாருங்க, பானட்டில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல் தெரியும். கருப்புக் காராக இருந்தால் கண்கூடாகத் தெரியும், வெள்ளைக் காரில் ஒளிந்திருக்கும்.

இப்போது வருகிற கார்களில் தகரத்துக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், அதற்கும் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தெளிவான பூச்சு. கிளியர் கோட் என்பார்கள். பளபளப்பெல்லாம் அதில்தான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் அதுதான். அதன் தடிமன் 40, 50 மைக்ரான்தான் இருக்கும். தலைமுடி அதைவிடத் தடிமன்.

விவசாயிக்கு இதைப் புரியவைக்கக் கஷ்டப்பட வேண்டாம். இதுதான் காரின் மேல்மண். வயலில் சத்தெல்லாம் மேலே உள்ள ஒரு சாண் மண்ணில்தான். அதைச் சுரண்டிச் செங்கல் சூளைக்கு வித்துட்டா, கீழே எவ்வளவு ஆழம் மண் இருந்தாலும் பயிர் ஏறாது. பாலிஷ் என்பது மேல்மண்ணைச் சுரண்டுவதுதான். கீறலின் பள்ளத்தை யாரும் நிரப்புவதில்லை. பள்ளத்தைச் சுற்றியிருக்கிற மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள், அதனால் கண்ணுக்குச் சமமாகத் தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு மைக்ரான் போகும். காம்பவுண்ட் போட்டு அழுத்தினால் அதைவிடக் கூடுதலாகப் போகும்.

அம்பாசடர் காலத்தில் கதை வேறு. அதில் பழைய வண்டிகளுக்குக் கிளியர் கோட் கிடையாது, நிறமேதான் மேல்பூச்சு. வெயிலில் மங்கி, தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். பாலிஷ் போட்டால் துணியெல்லாம் காரின் நிறமாகிடும், உள்ளேயிருந்து புது நிறம் வெளியே வரும். பூச்சும் நல்ல கனமாக இருந்ததால் தாங்கிச்சு. அப்பாக்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள், பிள்ளைகள் அதையே இன்றைய காருக்கும் செய்கிறார்கள். டிரைவர்கள் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்ததும் அந்தக் காலத்துப் பழக்கம்தான். அரை நாள் மினுங்கும். பிறகு இருக்கிற தூசியெல்லாம் அதில் வந்து ஒட்டும், கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பரும் கெடும். டிராக்டர் கலப்பைக்கு மழைக்காலம் முடிந்ததும் கழிவு ஆயில் தடவி வைப்போம், துருப்பிடிக்காமல் இருக்க. கலப்பைக்குச் சரி.

என் மச்சினன் சென்னையில் இருக்கார். புதுக் கார் வாங்கி ரெண்டு வருஷத்தில் மூணு தரம் ஒரு கடையில் விட்டு மெஷின் பாலிஷ் போட்டார். ஒவ்வொரு தரமும் வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி ஜொலிச்சுதாம். மூணாவது தரம் பானட் ஓரத்தில் விரல் நீளத்துக்கு மங்கலாக ஒரு திட்டு. மடிப்பு வருகிற ஓரங்களில் பூச்சு எப்பவுமே மெலிசாகத்தான் உட்காரும். வேகமாகச் சுத்துற ரோட்டரி மெஷினை அங்கே நிறுத்திப் பிடிச்சா சூட்டிலேயே போயிடும். போனது போனதுதான், முழு பானட்டுக்கும் பெயின்ட் அடிக்கணும். பத்து வருஷமான கார்களில் கூரை மட்டும் தேமல் மாதிரி வெள்ளை வெள்ளையாக உரிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீங்க. கிளியர் கோட் வெயிலில் செத்துப்போனதன் அடையாளம் அது. மதுரை வெயிலில் நிழலில்லாமல் நிற்கிற காருக்கு அதுவே சீக்கிரம் வரும். அதைப் பாலிஷ் போட்டு வேறு சீக்கிரப்படுத்தணுமா?

நான் செய்வதைச் சொல்கிறேன். என்னுடையது பழைய கார், வைக்கோலும் ஏறும், வாழைத்தாரும் ஏறும், ஆனாலும் பெயின்ட் இன்னும் முகம் காட்டுது. காலை ஏழு மணிக்குள், பானட்டைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும்போது ஆரம்பிக்கணும். ஒரு வாளியில் கார் ஷாம்பூ கலந்த தண்ணி, இன்னொன்றில் வெறும் தண்ணி. பாத்திரம் கழுவுகிற சோப்பு வேண்டாம், போட்டிருக்கிற மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். முதலில் சொம்பால் மொண்டு மேலிருந்து ஊற்றி மண்ணை ஊறவிட்டு இறக்கணும், அதுவரை துணி படக்கூடாது. பிறகு மைக்ரோஃபைபர் துணியை ஷாம்பூவில் நனைத்துக் கூரை, கண்ணாடி, பானட், கதவு என்று மேலிருந்து கீழே வரணும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் தண்ணி வாளியில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பூவில் முக்கணும். அந்த ரெண்டாவது வாளியின் அடியில் கடைசியில் எவ்வளவு மணல் கிடக்குன்னு ஒரு தரம் பாருங்க. ஒரே வாளியாக இருந்தால் அவ்வளவும் மறுபடி கார் மேல்தான் போயிருக்கும். சக்கரத்துக்குத் தனித் துணி, கடைசியில். துணி கீழே விழுந்தால் அதோடு அன்றைக்கு அதை மறந்துடணும். இதற்கெல்லாம் மொத்தமாக 30 லிட்டருக்கு மேல் ஆனதில்லை.

துடைத்துக் காயவைப்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நம்ம போர் தண்ணி உப்புத் தண்ணி. வெயிலில் தானாகக் காயவிட்டால் சொட்டுச் சொட்டாக வெள்ளைக் கறை படியும், தண்ணி காயவைக்கிற பாத்திரத்தில் படிகிற அதே சுண்ணாம்பு உப்பு. நாள்பட்டால் பூச்சையே அரிக்கும். ஹோஸில் எவ்வளவு அதிகமாக அடிக்கிறோமோ அவ்வளவு உப்பைக் கார் மேல் தெளிக்கிறோம், அவ்வளவுதான். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணி இருந்தால் அதைவிட நல்லது கிடையாது. 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு வந்தபோது போட்ட குழாய் உங்க வீட்டில் இன்னும் இருக்கும், அதற்குக் கீழே ஒரு டிரம் வைங்க. மழை இல்லையா, ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணியைப் பிடிச்சு வைங்க. அது காற்றில் இருந்த ஈரம், உப்பே கிடையாது. ராத்திரி முழுக்க ஓடினால் கூரையையும் பானட்டையும் அலசுகிற அளவுக்காவது தேறும்.

கழுவிக் காய்ந்த பிறகு, கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவுங்க. நறநறன்னு இருந்தால் பூச்சில் தூள் பதிந்திருக்கு. அதை எடுக்கக் கிளே பார் என்று களிமண் கட்டி மாதிரி ஒன்று விற்கிறார்கள். ஷாம்பூ தண்ணி தெளித்து வழுக்கவிட்டு லேசாகத் தேய்க்கணும், வருஷத்துக்கு ஒரு தரம் போதும். (களிமண்தானேன்னு கண்மாய் மண்ணை எடுத்துத் தேய்ச்சிடாதீங்க, அதில் மணல் இருக்கும்.) அதன் மேல் கார்னாபா மெழுகைக் கையால் மெலிசாகத் தடவி, மங்கிக் காய்ந்ததும் வேறு துணியால் எடுத்தால் முடிந்தது. மெழுகு எதையும் சுரண்டாது, மேலே ஒரு போர்வை. நம்ம வெயிலில் ரெண்டு மூணு மாசம் நிற்கும். தண்ணி முத்து முத்தாக உருளாமல் பரவ ஆரம்பித்தால் மறுபடி போடுகிற நேரம் வந்துடுச்சுன்னு அர்த்தம். கீறல் இருந்தால்? இருந்துட்டுப் போகட்டும். ரொம்பக் கண்ணை உறுத்தினால் அந்த இடத்துக்கு மட்டும் கையால் பாலிஷ் போடுங்க.

இன்னொன்று சொல்லணும், இது எங்க ஊர்ப் பிரச்சினை. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்கள், நாலு வழிச்சாலைத் தூசியோடு வந்து இறங்கியதும் காரைக் கண்மாய்த் தண்ணியோரம் இறக்கிடறாங்க. கால்வாய்ப் படித்துறையிலும் நடக்குது. "தண்ணி சும்மாதானே கிடக்கு, மாட்டைக் குளிப்பாட்டல?" என்று என்னிடமே கேட்டார்கள். மாட்டை வைக்கோல் பிரியால் தேய்ப்போம். அதன் உடம்பிலிருந்து சேறும் சாணியும்தான் இறங்கும், மீன் அதைத் தின்னும். காரிலிருந்து இறங்குவது கிரீஸ், பிரேக் தூள், டீசல், ஷாம்பூ. அடுத்த நாள் அதே துறையில்தான் எங்க மாடு வாய் வைக்கணும். தை மாசத்துக்குப் பிறகு வத்த ஆரம்பிக்கிற கண்மாயில் மேற்கொண்டு வந்து கலக்கத் தண்ணியும் கிடையாது, இருப்பதில்தான் எல்லாம் தங்கும்.

ஊருக்கு வந்தால் வீட்டுக்குப் பின்னால் புங்க மரத்தடியில் நிறுத்திக்கோங்க. ரெண்டு வாளியும் துணியும் நான் தர்றேன். அழுக்குத் தண்ணியைத் தென்னைக்கோ வாழைக்கோ ஊத்தாம, வேலியோரம் கருவேல முள்ளுக்கு ஊத்துங்க. புங்கம்பூ கார் மேல் கொட்டினால் ஈரத் துணியால் எடுங்க. காக்கா எச்சம் விழுந்திருந்தால் தேய்க்கக் கூடாது, ஈரத் துணியை அஞ்சு நிமிஷம் மேலே போட்டு வைத்தால் அதுவே ஊறிக் கிளம்பிடும்.