மஞ்சளுக்கு விலை மேல்தோலுக்கா, உள்ளே இருக்கிற சரக்குக்கா?



ஏலத்தில் நம்ம மஞ்சளுக்கு எப்படி விலை வைக்கிறாங்க? விரலியை ஒடிச்சுப் பார்க்கிறாங்க. நிறம், நீளம், கெட்டி, பாலீஷ். அவ்வளவுதான். ஆனால் மருந்துக் கம்பெனியும் சாறு எடுக்கிற ஆலையும் காசு கொடுப்பது பாலீஷுக்கு அல்ல, உள்ளே இருக்கிற குர்குமினுக்கு!

ஈரோட்டு மஞ்சளில் குர்குமின் 2.5 முதல் 4.5 சதம். பிரதிபா ரகத்தில் 6 சதம். மேகாலயாவின் லகடாங் மஞ்சளில் 7 சதத்துக்கும் மேலே போகும். நம்முடையதுதான் உலகத்திலேயே உசத்தி என்று மேடையில் பேசினால் போதாது. கணக்குப் பாருங்கள்: ஒரு குவிண்டாலில் ஒருத்தருக்கு இரண்டரை கிலோ குர்குமின், இன்னொருத்தருக்கு நாலரை கிலோ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தால் விலையும் ஒன்றுதான். அந்த இரண்டு கிலோ யார் பைக்குப் போகிறது?

மேல் நிறத்துக்கு மட்டும் விலை கொடுத்தால் சாயம் பூசுகிறவனுக்குத்தான் கொண்டாட்டம். மஞ்சள் பளபளக்க ஈயக் குரோமேட் என்ற விஷத்தைச் சேர்க்கிற அயோக்கியத்தனம் அப்படித்தான் வளருது. கெட்ட பேரு மட்டும் ஒழுங்காக விளைவித்த நமக்கு.

"சோதனை வந்தா நம்ம விலை குறைஞ்சு போயிடுமே" என்று சிலர் பயப்படுகிறார்கள். ஏனுங்க, ஆலைக்காரன் எப்படியும் சோதிச்சுத்தானே வாங்குறான்! வாங்குறவன் கையில் கணக்கு இருக்கு, விக்கிறவன் கையில் இல்லை. அதுதான் நம்ம நட்டம்.

சான்றின் பலம் நமக்குத் தெரியாததா? காயம் ஆற்ற மஞ்சள் போடுவதற்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள். நம் நாட்டு சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களை ஆதாரமாகக் காட்டி வாதாடியது. 1997ல் அது ரத்தானது. 2019ல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு வந்தது. 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தில் தேசிய மஞ்சள் வாரியம் திறந்தார்கள். எல்லாம் சரி, ஏலக் கூடத்தில் நம்ம மூட்டைக்கு என்ன சான்று?

நாம் கேட்பது மூன்று:

1. ஒவ்வொரு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் ஏலத்துக்கு முன்பே இலவசச் சோதனை.

2. ஈரப்பதம், குர்குமின், ஈயம் மூன்றும் எழுதிய சீட்டு விவசாயி கையில்.

3. குர்குமின் கூடிய ரகங்களின் நல்ல விதைக் கிழங்கு, நியாய விலையில்.

நம்ம பங்குக்கு, ரகத்தோடு ரகம் கலக்காதீர்கள். விரலி தனி, கிழங்கு தனி என்று பிரித்துக் கொண்டு வாருங்கள். "சோதனைச் சீட்டு எங்கே?" என்று ஒருத்தர் கேட்டால் சிரிப்பார்கள். ஊரே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கேட்போம்! ஒன்றாய் நின்று கேட்போம்!

— செயலாளர்