ஸ்க்ரூவைத் திருகினால் நடுக்கம் தீராது

சிவகாசியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தாமல் அப்படியே காத்திருந்தோம். பக்கத்தில் இருந்த என் வீட்டம்மா கேட்டாள்: "என்னங்க, வண்டிக்குக் குளிர் காய்ச்சலா? இப்படி நடுங்குது?"

பார்த்தேன். பாட்டிலில் இருந்த தண்ணீர் சின்னச் சின்ன அலையாக ஆடிக்கொண்டிருந்தது. ஓடும்போது ஒன்றும் தெரியாது. நின்றால் மட்டும் நடுக்கம். எங்களுடையது 1998 மாடல் மாருதி 800. வயதான வண்டி, வயதான டிரைவர், இரண்டு பேருக்கும் கொஞ்சம் நடுக்கம் இருக்கத்தான் செய்யும் என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து, ஐடிலிங் ஸ்க்ரூவை அரைச் சுற்று திருகினேன். நடுக்கம் நின்றது. பெரிய மெக்கானிக் என்று எனக்கே நினைப்பு.

அதுதான் தப்பு. நான் நோயைத் தீர்க்கவில்லை, மறைத்தேன். நாலு மாதம் கழித்து, மதுரையில் அவளுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து திரும்பும்போது, கப்பலூர் டோல்கேட் வரிசையில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிக்கின்றன. உள்ளே கண்ணில் கட்டோடு அவள். அன்று பட்ட அவமானத்தை விட பயம்தான் அதிகம்.

ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினேன். பானெட்டைத் திறந்த இரண்டாவது நிமிடமே பட்டியல் வந்தது: கார்புரேட்டர் புதுசு, பிளக், பிளக் ஒயர், பெட்ரோல் பம்ப். 14,000 ரூபாய். "அதுக்கும் சரியாகலேன்னா இன்ஜினைப் பிரிக்கணும் சார்." சென்னையிலிருந்து மகன் போனில், "வித்துருங்கப்பா" என்றான். வண்டி போனால் அவளை மாதாமாதம் கண் செக்கப்புக்கு எப்படிக் கூட்டிப்போவது?

கடைசியில், அந்தக் காலத்தில் அம்பாசிடருக்கு பிளாட்டினம் தேய்த்துக் கொடுத்த ஒரு பழைய மெக்கானிக்கிடம் போனேன். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. இன்ஜின் சூடாகும்வரை சும்மா நின்று கேட்டார். பிறகு சைலன்சர் வாயில் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்தார். காகிதம் ஒரே சீராக ஆடினால் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் தேய்ந்திருக்கலாம். விட்டு விட்டு ஆடினால் மிஸ்ஸிங். ஆடியது விட்டு விட்டுத்தான்.

"வேகம் கொடுத்தா சரியாகுதா அண்ணாச்சி?"

"ஆகுது."

"அப்ப எங்கேயோ காத்தைத் திருடுது."

அவர் விளக்கியது இதுதான். ஐடிலிங்கில் கார்புரேட்டரின் கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். இன்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான். அப்போது ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கூடுதல் காற்று புகுந்தாலும் கலவை கெட்டுவிடும். வேகத்தில் காற்று நிறையப் போகும், அந்த ஓட்டை பெரிதாகத் தெரியாது.

இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, மூன்று பிளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் வைத்தார். இளம்பழுப்பு என்றால் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். எண்ணெய் ஈரம் என்றால் இன்ஜின் தேய்மானம். ஒரு பிளக் மட்டும் வேறு நிறம் என்றால் அந்த சிலிண்டரில் குறை. எல்லாம் ஒரே மாதிரி கெட்டிருந்தால் பொதுவான குறை. எங்களுக்கு மூன்றும் வெளுத்திருந்தன. கம்ப்ரஷனும் பார்த்தார், மூன்றும் ஏறக்குறைய சமம். ஆக, இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு குழாயாக விரலால் அழுத்திக்கொண்டே போனார். இன்டேக் மேனிஃபோல்டில் சொருகியிருந்த ஒரு சின்ன ரப்பர் குழாயின் நுனியில் விரிசல். அதை நசுக்கிப் பிடித்ததும் இன்ஜின் சத்தமே மாறிவிட்டது. குழாய் 60 ரூபாய், கூலி 300. நான் திருகிய ஸ்க்ரூவையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தார்.

இப்போது பலரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைக் குறை சொல்கிறார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய கார்புரேட்டரில் கலவை இன்னும் வெளிறிப்போகும். புது வண்டியின் கம்ப்யூட்டர் போல அது தன்னைத்தானே திருத்திக்கொள்ளாது. முன்பு பொறுத்துக்கொண்ட சின்ன ஓட்டையை இனி வண்டி பொறுக்காது. ஆனால் எல்லாப் பழியையும் பெட்ரோல் மேல் போட்டுவிட்டு ஓட்டையைத் தேடாமல் இருப்பதும் சோம்பேறித்தனம்தான்.

இன்னொன்று. காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க, ஓடும் இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கிறார்கள். எரியும் திரவத்தைச் சூட்டின் மேல் தெளிப்பது எந்த ஊரிலும் ஆபத்து. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் எழுந்த புகையைப் பார்த்த நம் மாவட்டத்துக்காரன் அதைச் செய்யவே கூடாது. விரலும் காதும் போதும்.

என் கருத்து இது. பாகம் மாற்றுவது வேறு, பழுது கண்டுபிடிப்பது வேறு. செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும்: கேட்பது, பிளக் நிறம், குழாய். பிறகு டாப்பெட், கம்ப்ரஷன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நாலையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று மெக்கானிக்குக்கே தெரியாது. 20 வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய் கட்டணம். அவ்வளவு கட்டி வைத்துக்கொள்ளும் வண்டியை 60 ரூபாய் குழாய்க்காக எடைக்குப் போடலாமா?

பட்டியல் எழுதிய அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. நின்று கேட்பதற்கு இன்று யாரும் கூலி கொடுப்பதில்லை. அந்த 300 ரூபாயில் பாதிக்கு மேல் கேட்டதற்கான கூலி என்றுதான் நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

போன வாரம் மறுபடி மதுரை போனோம். டோல்கேட் வரிசையில் வீட்டம்மா தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டு பிரித்த கண். "ஆடலைங்க" என்றாள்.