யாருக்குச் சேமிப்பு?

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, தில்லியின் மயூர் விஹாரிலோ துவாரகாவிலோ உள்ள ஒரு பெரிய பல்பொருள் அங்காடியின் பில் போடும் வரிசையில் நிற்கும் குடும்பங்களின் தள்ளுவண்டிகளைப் பார்த்தால் ஒரு மாற்றம் கண்ணில் படும். கோதுமை மாவு, பருப்பு, சர்க்கரை, தரை துடைக்கும் திரவம், பிஸ்கட், நொறுக்குத் தீனி என்று வண்டியில் உள்ளவற்றில் பல, விளம்பரங்களில் பார்த்துப் பழகிய நிறுவனங்களின் பொருள்கள் அல்ல. அந்த அங்காடியே தன் பெயரிலோ, தான் வைத்துக்கொண்ட வேறொரு பெயரிலோ விற்பவை. பில்லின் அடியில், "இன்று நீங்கள் சேமித்த தொகை" என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். அந்தத் தொகை உண்மையிலேயே குடும்பத்தின் கையில் மிஞ்சுகிறதா என்பதுதான் கேள்வி.

இது புதிய வழக்கமன்று. 2001-ல் தொடங்கிய பிக் பஜார் "டேஸ்டி ட்ரீட்" என்ற பெயரில் தின்பண்டங்களை விற்றது. அந்தக் கடைத்தொடரை நடத்திய நிறுவனம் 2022-ல் நொடித்துப் போயிற்று. ரிலையன்ஸ் "குட் லைஃப்" என்ற பெயரில் தானியங்களும் பருப்பும் விற்கிறது. இப்பொருள்களை அங்காடிகள் பெரும்பாலும் சொந்த ஆலையில் தயாரிப்பதில்லை. யாரோ ஒரு சிறு அல்லது நடுத்தர ஆலை ஒப்பந்த அடிப்படையில் தயாரித்துக் கொடுக்க, அங்காடியின் முத்திரை அதன்மீது ஏறுகிறது. திரை நட்சத்திரத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம் இல்லை, தொலைக்காட்சி விளம்பரச் செலவு இல்லை, இடைநிலை விநியோகஸ்தருக்குக் கழிவு இல்லை. ஆகவே விலையைக் குறைத்தும் லாபம் பார்க்க முடிகிறது. இதுவரை குறை சொல்ல ஏதுமில்லை.

சிக்கல் தொடங்குவது உறையின் பின்புறத்தில். அதிகபட்ச சில்லறை விலையைவிடக் கூடுதலாக எந்தப் பொருளையும் விற்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் மருந்து போன்ற சில இனங்களைத் தவிர, அந்த அதிகபட்ச விலை எவ்வளவு என்று அரசு சொல்வதில்லை. தயாரிப்பவரோ பொதி செய்பவரோதான் சொல்கிறார். தயாரிப்பவர் ஒருவராகவும் கடைக்காரர் வேறொருவராகவும் இருக்கும் வரை இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பொருள் உண்டு. ஒருவர் குறித்த விலையிலிருந்து மற்றவர் தம் லாபத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கிறார். அதற்குத் தள்ளுபடி என்று பெயர். சொந்த முத்திரைப் பொருளில் விலையைக் குறிப்பதும் அங்காடி, அதை அடித்துவிட்டுக் குறைத்து விற்பதும் அதே அங்காடி. தன் கையால் எழுதிய எண்ணைத் தானே அடித்துவிட்டு, "நீங்கள் சேமித்தீர்கள்" என்று வாடிக்கையாளரிடம் சொல்வதை எந்தச் சட்டமும் கேள்வி கேட்பதில்லை.

ஒரு கணக்கு இதை விளக்கும். அங்காடியின் தரை துடைக்கும் திரவம் ஒரு புட்டி 200 ரூபாய் என அச்சிடப்பட்டு 110 ரூபாய்க்கு விற்கப்படுகிறது என்று கொண்டால், பில்லில் 90 ரூபாய் சேமிப்பு என்று வரும். அதே அளவுள்ள பெயர் பெற்ற நிறுவனத்தின் புட்டி 180 ரூபாய் என அச்சிடப்பட்டு 165 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், உண்மையான வேறுபாடு 55 ரூபாய்தான். அந்த 55 ரூபாயும் திரவத்தின் செறிவு ஒன்றாக இருந்தால் மட்டுமே மிஞ்சும். பெயர் பெற்ற திரவத்தில் இரண்டு மூடி ஊற்றும் இடத்தில் மலிவான திரவத்தில் மூன்று மூடி ஊற்ற வேண்டியிருந்தால், 110 ரூபாய்ப் புட்டியின் உண்மை விலையும் 165 ரூபாயாகிவிடும். வீட்டைத் துடைக்கும் பெண்ணுக்கு இது தெரியும்; பில்லைப் பார்த்து மகிழும் குடும்பத் தலைவருக்குத் தெரியாது.

ஒப்பிட்டுப் பார்க்க வழி செய்து கொடுக்க வேண்டியது நுகர்வோர் நலத்துறையின் கடமை. கிரிஷி பவனில் இருக்கும் அத்துறை எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. முன்பு பிஸ்கட், தேயிலை, சமையல் எண்ணெய், மாவு, சோப்பு உள்ளிட்ட 19 வகைப் பொருள்களை இன்னின்ன எடைகளில் மட்டுமே பொதி செய்யலாம் என்ற விதி இருந்தது. அரை கிலோவை அரை கிலோவுடன் ஒப்பிட யாருக்கும் கணக்கு வாத்தியார் தேவைப்படவில்லை. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தம் அந்த விதியை நீக்கிவிட்டது. அதற்கு ஈடாக, ஓர் அலகுக்கு என்ன விலை என்பதை உறையில் அச்சிட வேண்டும் என்பது 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விதியின் வாசகத்தைப் படித்தால்தான் அதன் ஓட்டைகள் தெரிகின்றன. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொதிக்குக் கிராம் கணக்கில் அலகு விலை. ஒரு கிலோவுக்கு மேற்பட்டதற்குக் கிலோ கணக்கில். ஆக, 900 கிராம் பொதியையும் 2 கிலோ பொதியையும் ஒப்பிட நினைப்பவர் முதலில் ஆயிரத்தால் பெருக்க வேண்டும். அடுத்து, அலகு விலையை இரண்டு தசம இடங்களுக்குச் சுருக்கலாம். 58 ரூபாய் விலை குறித்த அரை கிலோ பொதியிலும், 62 ரூபாய் விலை குறித்த அரை கிலோ பொதியிலும் கிராமுக்கு 0.12 ரூபாய் என்றே அச்சாகும். கிலோவுக்கு 8 ரூபாய் வேறுபாடு அந்தச் சிறிய எண்ணுக்குள் மறைந்துபோகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உறையில் அச்சாகும் அலகு விலை அதிகபட்ச சில்லறை விலையை வைத்துக் கணக்கிடப்படுவது. வாடிக்கையாளர் கொடுக்கும் விலையை வைத்து அல்ல. அங்காடியே உயர்த்திக் குறித்த விலையின் கிராம் கணக்கை அறிந்து யாருக்கு என்ன பயன்?

இனி உணவுப் பொருளுக்கு வருவோம். வட இந்தியக் குடும்பத்தின் பெருஞ்செலவுப் பொருள் ஆட்டா. பெயர் பெற்ற நிறுவனத்தின் 10 கிலோ மூட்டையைவிட அங்காடியின் சொந்த முத்திரை மூட்டை மலிவாக இருக்கலாம். ஆனால் தில்லியின் எந்தக் குடியிருப்பிலும் இரண்டு தெரு நடந்தால் ஒரு சக்கி இருக்கும். கோதுமையைக் கண்ணெதிரே அரைத்து நிறுத்துக் கொடுக்கும் அந்த மாவு ஆலையுடன் ஒப்பிட்டால்தான் மலிவு மலிவா என்பது தெரியும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொதி செய்து முத்திரையிட்ட தானியத்துக்கும் மாவுக்கும் 5 சதவீத ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. சில்லறையாக அளந்து கொடுப்பதற்கு அந்த வரி இல்லை. அதற்கு முன் வரி, பதிவு பெற்ற வணிகச் சின்னம் கொண்ட பொதிகளுக்கே பெரிதும் இருந்தது. பெயரில்லாத பொதியை விற்றுப் பிழைத்த சிறு வியாபாரியும் இப்போது பெரிய அங்காடியும் ஒரே வரித் தட்டில் நிற்கிறார்கள். சிறியவரின் விலைச் சலுகை போயிற்று.

மத்திய அரசேகூட இந்தச் சொந்த முத்திரை வணிகத்தில் இறங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் "பாரத் ஆட்டா" கிலோ 27 ரூபாய் 50 காசுக்கு கேந்திரிய பண்டார், நாஃபெட் ஆகியவற்றின் வழியே விற்கப்பட்டது. 2024 நவம்பரில் விலை 30 ரூபாயாயிற்று. அடித்து எழுதிய விலை இல்லை, தள்ளுபடி நாடகம் இல்லை. விலை ஏறியபோது ஏறியது எல்லோருக்கும் தெரிந்தது. 1966-ல் கன்னாட் பிளேஸில் தொடங்கிய கூட்டுறவு சூப்பர் பஜாரை 2002-ல் மூட நேர்ந்த தலைநகரில், கூட்டுறவுக் கடையின் பயன் என்ன என்பதை இப்படித்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது போலும்.

குடும்ப வரவு செலவில் இந்த மலிவின் எடை என்ன? 2023-24-க்கான குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகரத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். அதில் உணவுக்கு 39.68 சதவீதம். ஆனால் தானியங்களுக்குச் செல்வது 3.76 சதவீதம் மட்டுமே. பானங்கள், பதப்படுத்திய உணவு, வெளியில் வாங்கி உண்ணும் உணவு ஆகியவற்றுக்கு 11.09 சதவீதம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்குத் தானியச் செலவு ஏறத்தாழ 1,050 ரூபாய். அங்காடியின் முத்திரை அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தாலும் மிஞ்சுவது 105 ரூபாய். அந்த மாவை எடுக்க அங்காடிக்குள் வந்தவர், அதே முத்திரையின் இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற வறுவல் பொட்டலத்தைக் கடந்துதான் வெளியேற வேண்டும். 105 ரூபாய் வாசலைத் தாண்டுவது அபூர்வம். தெருமுனை மளிகைக் கடையில் வாங்குபவர் கேட்டது மட்டுமே வரும்; பணம் இல்லாத வாரத்தில் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்ளவும் செய்வார்கள்.

ஆனாலும் சொந்த முத்திரையால் நன்மையே இல்லை என்பது சரியன்று. குப்பைப் பை, காகிதத் துடைப்பான், துணி சோப்பு போன்றவற்றில் நுகர்வோர் இதுகாறும் கொடுத்து வந்த விலையில் விளம்பரத்தின் பங்கு பெரிது. அங்கே மாற்று முத்திரை மெய்யாகவே பணத்தை மிச்சப்படுத்துகிறது. போட்டியும் விலையை அசைக்கிறது. 2022-ல் ரிலையன்ஸ் வாங்கிய தில்லியின் பழைய காம்பா கோலா, மறு ஆண்டு 200 மில்லி 10 ரூபாய் என்று சந்தைக்கு வந்தபோது, அந்நிய பானங்களின் 250 மில்லி புட்டி 20 ரூபாய். 10 ரூபாய்க்குக் குளிர்பானம் கிடைத்தது உண்மை. அதுவரை குளிர்பானமே வாங்காதிருந்த வீட்டுக்கு அது 10 ரூபாய்ச் செலவு என்பதும் உண்மை.

அரசியல் கட்சிகள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. 2007-ல் ராஞ்சியில் ரிலையன்ஸ் ஃபிரெஷ் கடைகள் தாக்கப்பட்டன. உத்தரப் பிரதேசத்தில் மாயாவதி அரசு அவற்றை மூட உத்தரவிட்டது. 2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றி மக்களவையில் வாக்கெடுப்பே நடந்தது. சமாஜவாதியும் பகுஜன் சமாஜும் வெளிநடப்புச் செய்து அன்றைய அரசைக் காப்பாற்றின. சிறு வணிகரின் கதி, விவசாயியின் கதி, கடை யாருடையது என்பதெல்லாம் பேசப்பட்டன. கடைக்குள் விலைச்சீட்டு எப்படி எழுதப்பட வேண்டும் என்பது பெரிதாகப் பேசப்படவில்லை.

ஐரோப்பிய நாடுகளில் 1998-ம் ஆண்டின் நெறிமுறைப்படி, வாடிக்கையாளர் கொடுக்கும் இறுதி விலையின் அலகுக் கணக்கைக் கடைக்காரர் காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் பெரிய அங்காடிகளுக்கு 2009 முதல் இது கட்டாயம். அங்கெல்லாம் அந்த எண் பொருள் இருக்கும் தட்டின் விளிம்பிலேயே தெரிகிறது. இந்தியாவில் இதற்கு நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவர வேண்டியதில்லை. 2011-ம் ஆண்டின் பொதிப் பொருள் விதிகளில் ஒரு திருத்தம் போதும். விற்கும் விலைக்கே அலகு விலை, எல்லாப் பொதிக்கும் ஒரே கிலோ அல்லது லிட்டர் கணக்கு, சொந்த முத்திரைப் பொருளுக்கு அடித்து எழுதிய விலையைக் காட்டத் தடை. இந்த மூன்றையும் அரசிதழின் ஒரே பக்கத்தில் அச்சிட்டுவிடலாம்.